என் நெஞ்சைக் கேட்க வந்த பிள்ளைகள்

சந்தாபுராவில் எங்கள் தெருவில் யாருக்கு நெஞ்சு படபடத்தாலும் இப்போது என்னிடம்தான் வருகிறார்கள். நான் டாக்டர் இல்லை. இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுக்கிறவள். என் நெஞ்சுக்குள் ஒரு பலூன் போய்விட்டு வந்தது, அதுதான் என் படிப்பு. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் யாராவது தூக்குச் சட்டியோடு மாவுக்கு வந்து நிற்கிறார்கள், கதை பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நிதானமாகத்தான் எழுதுவேன். படிப்பவர்களும் நிதானமாகப் படித்தால் போதும்.

எங்கள் பக்கத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரியின் பஸ் வரும். தனியார் கல்லூரி. பெங்களூரு முடிந்து ராகி நிலம் தொடங்குகிற இடத்தில் பெரிய கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். சுற்று வட்டாரத்து ஊர்களுக்கெல்லாம் பஸ்ஸை அனுப்பி, உடம்பு சரியில்லாதவர்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள். டிக்கெட் கிடையாது. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் கற்றுக்கொள்ள நோயாளி வேண்டும், ஊர் ஜனங்களுக்கு டாக்டர் வேண்டும். இரண்டு பக்கமும் தேவை. ஆனால் எங்கள் தெருவில் அந்த பஸ்ஸுக்கு மரியாதை இல்லை. "கட்டில ரொப்ப ஆள் புடிக்கிற வண்டி" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான்.

பக்கத்து வீட்டு நாகரத்னா கன்னடத்துக்காரி, பூ கட்டுகிறவள். என்னைவிடச் சின்னவள், வாயில் பெரியவள். அவளுக்குக் கண்ணில் புரை. தனியாகப் போகப் பயந்துகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சரோஜாக்கா, நீயும் வா."

"எனக்கு என்னா நோவு இருக்குதுன்னு வர்றது?"

"நோவு இருந்தாதான் பஸ் ஏறணுமா? சீட்டு காலியாத்தான் கிடக்குது. மத்தியானம் சோறு போடறாங்க. வா, ஸ்வல்ப காத்து வாங்கிட்டு வரலாம்."

எனக்கு நோவு இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டாவது மாடிக்கு மாவு கொண்டு போகும்போது மட்டும் நடுவில் உட்கார வேண்டியிருந்தது. இப்போது வீடு கட்டுகிறவர்கள் படியை உயரமாகக் கட்டுகிறார்கள் என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கண் பிரிவில் நாகரத்னாவை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். வெளியே நீள பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். அந்தக் கட்டடத்தில் பாதி ஆள் ஊர் ஜனம், பாதி ஆள் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள். கழுத்தில் குழாயை மாட்டிக்கொண்டு கும்பல் கும்பலாக நடக்கிறார்கள். அதில் ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். ஒல்லி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை.

"அம்மா, நீங்க பேஷண்டா?"

"இல்ல. கூட வந்தவ."

"அப்ப ரொம்ப நல்லதும்மா. நோவு இருக்கிற நெஞ்சையே தினமும் கேட்டுக் கேட்டு, நல்லா இருக்கிற நெஞ்சு எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு. நார்மல் நெஞ்சு கேட்டுட்டு வாங்கன்னு எங்க மேடம் அனுப்பியிருக்காங்க. உங்களுதைக் கேக்கலாமா?"

அவள் பெயர் பவித்ரா. ஆனேக்கல் பக்கம் ஒரு கிராமம். கன்னடத்துப் பெண், தமிழும் நன்றாகப் பேசினாள். "எங்க ஊருக்கும் இதே பஸ்தான் வரும்மா" என்றாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பையன்களும் நின்றார்கள். அவர்கள் வந்தால் நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நல்ல நெஞ்சு என்று என்னைப் பார்த்து ஒரு படிக்கிற பெண் முடிவு செய்ததில் எனக்குப் பெருமை. எழுந்து அவள் பின்னால் போனேன்.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்தாள். குழாயை வைத்தாள், எடுத்தாள், தள்ளி வைத்தாள். பிறகு இடது பக்கமாகத் திரும்பிப் படுக்கச் சொன்னாள். மூச்சை விட்டுவிட்டு அப்படியே நிறுத்தச் சொன்னாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. வெளியிலிருந்து அந்தப் பையன்களில் ஒருவன் கேட்டான்: "பவி, நார்மல் கேக்க இவ்ளோ நேரமா? தூங்கிட்டியா?"

"சும்மா இருடா" என்றாள். என்னிடம், "அம்மா, எங்கேயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவளோடு வந்தது அவர்களுடைய பெரிய டாக்டரம்மா. நரைத்த தலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, சத்தமே போடாத குரல். கண்ணை மூடிக்கொண்டு என் நெஞ்சைக் கேட்டார். சாமி முன்னால் நிற்பவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். பிறகு கேட்டார்:

"மாடி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?"

"வயசானா எல்லாருக்கும் வாங்கும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து நாகரத்னா சுவரைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு அவளுக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்த நேரம். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்தாள்.

"வாங்குது மேடம், நல்லா வாங்குது. ரெண்டாவது மாடிக்குப் போறதுக்குள்ள நடுவுல உக்காந்து படிய திட்டுவா. படுக்கும்போது தலைக்கு மூணு தலகாணி."

"கண்ணுதானே தெரியல உனக்கு. வாயையும் சேத்து மூடிக்கோ."

டாக்டரம்மா சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

"சின்ன வயசுல, பத்துப் பன்னெண்டு வயசு இருக்கும்போது, காய்ச்சல் வந்து முழங்கால் வீங்கி நடக்க முடியாம கிடந்தீங்களா? ஒரு மூட்டு சரியானா இன்னொரு மூட்டு வீங்கும்?"

திருப்பத்தூர் பக்கம் நான் பிறந்த ஊரில் அப்படி ஒரு மழைக்காலம் இருந்தது. ஒரு முழங்கால் வடிந்து இன்னொன்று வீங்கியது. என் அம்மா நொச்சி இலை வதக்கிக் கட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டே திரிந்தாள். வளர்கிற பிள்ளைக்கு வரும் வலி என்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு சரியாகி ஓடியாடினேன். அதைப் பார்த்தவர்கள் ஒருவர்கூட இப்போது உயிரோடு இல்லை. என் புருஷனும் இது தெரியாமலே செத்துப்போனார். என் மகனுக்குத் தெரியாது. உலகத்தில் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, நானே மறந்துபோன ஒன்றை, நெஞ்சில் குழாயை வைத்து ஒருவர் படித்துவிட்டார். பக்கத்தில் நின்ற அந்தச் சடைக்காரப் பெண் அதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறாள்.

நோய் என்ன என்பதை எனக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். நெஞ்சுக்குள் நாலு அறை. அறைக்கும் அறைக்கும் நடுவே கதவு. ரத்தம் ஒரு பக்கமாகப் போகும், திரும்பி வரக்கூடாது, அதற்குத்தான் கதவு. சின்ன வயதில் தொண்டைப் புண்ணும் மூட்டுக் காய்ச்சலும் வந்தால், சில பேருக்கு அது மூட்டை விட்டுவிட்டு இந்தக் கதவைப் பிடித்துக்கொள்ளும். இடது பக்கத்துக் கதவு ஒட்டி ஒட்டி, வருஷக்கணக்கில் சுருங்கும். ரத்தம் கீழே இறங்க வழியில்லாமல் நுரையீரல் பக்கம் தேங்கும். அதுதான் மூச்சு வாங்குவது. படியின் குற்றம் இல்லை.

எக்கோ என்று ஒரு சோதனை. நெஞ்சில் குளிர்ந்த பசை தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தி, டிவியில் காட்டுகிறார்கள். வலி கிடையாது. "பாருங்கம்மா, மீன் வாய் மாதிரி தெரியுதா?" என்றார் டாக்டரம்மா. தெரிந்தது. தண்ணீரில்லாமல் தவிக்கிற மீன் மாதிரி அந்தச் சின்ன வாய் திறக்கப் பார்த்து, முடியாமல் மூடி, மறுபடியும் திறக்கப் பார்த்தது. நான் தூங்கும்போதும் மாவு ஆட்டும்போதும் இது இப்படியே பாடுபட்டிருக்கிறது. அதன் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

வைத்தியம் இரண்டு வகை என்றார்கள். தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனைக் கொண்டுபோய், கதவுக்கு நடுவில் வைத்து ஊதித் திறப்பது ஒன்று. அதற்குத் தோதான கதவுதான் என்னுடையது. ஆனால் மேல் அறையின் மூலையில் ரத்தம் உறைந்து கட்டி ஏதாவது இருந்தால் பலூன் கூடாது. கட்டி பெயர்ந்து மூளைக்குப் போய்விடும். அப்போது நெஞ்செலும்பைப் பிளந்துதான் கதவை மாற்ற வேண்டும். இந்த வயதில் அது பெரிய காரியம். பிழைத்து வந்தாலும் மாவுக் குண்டானைத் தூக்கும் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். டாக்டரம்மா சுற்றி வளைக்காமல், "கொஞ்ச நாள்ல படுத்துட்டு மூச்சு விட முடியாதும்மா" என்றார்.

வீட்டில் சொன்னபோது என் மகன் முருகேசன் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்தான். அவனுக்குப் பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை.

"அது படிக்கிற பசங்க கத்துக்கிற எடம்மா. ஊசி போடக் கத்துக்கறதுக்கு உன் கைதான் கிடைச்சுதா? ஓசியில போய்ப் படுக்கணும்னு நமக்கு என்னா தலையெழுத்து? சிட்டிக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். நான் பாத்துக்கறேன்."

அந்த 'ஓசி' என்ற சொல் என்னைக் குத்தியது. நான் யாரிடமும் இலவசமாக எதையும் வாங்கியவள் இல்லை. இரண்டு நாள் மாவு ஆட்டுவதிலேயே இருந்தேன். மருமகள் செல்விதான் மெல்ல வந்து கேட்டாள்: "நீங்க என்னா நினைக்கிறீங்க அத்தை?"

"இந்த மூச்சை எத்தனையோ டாக்டர் கிட்ட காட்டியிருக்கேன்" என்றேன். "சளின்னாங்க, வயசுன்னாங்க, மாத்திரை எழுதினாங்க. ஒருத்தரும் என்னை இடது பக்கம் திரும்பிப் படுன்னு சொல்லல. கத்துக்கிற பொண்ணுதான் சொன்னா."

முருகேசனும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் அந்தக் காலேஜ் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று என் எவர்சில்வர் டம்ளரைத் துணியில் சுற்றி எடுத்து வந்தான். வேறு டம்ளரில் எனக்குத் தண்ணீர் இறங்காது என்பது அவனுக்குத் தெரியும்.

வார்டில் மாலூர், கனகபுரா, ஓசூர் பக்கத்து ஜனங்கள். முக்கால்வாசிப் பேர் அந்த பஸ்ஸில் வந்தவர்கள். மத்தியானம் ராகிக் களியும், சாரு என்கிற குழம்பும் வரும். சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன், உப்புதான் எனக்கு நிறுத்திவிட்டார்கள்.

மறுநாளே பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். இந்த மாதிரிக் கதவு இப்போது அடிக்கடி பார்க்கக் கிடைப்பதில்லையாம். பல காலேஜில் இந்தச் சத்தத்தைக் கேட்காமலே டாக்டர் ஆகிவிடுகிறார்களாம். டாக்டரம்மா என் அனுமதியைக் கேட்டார். "இஷ்டம் இல்லைன்னா ஒரு ஆளும் வர மாட்டாங்க, வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்றார். நான் யோசித்துச் சில சட்டங்கள் போட்டேன். திரை முழுதாக இழுத்திருக்க வேண்டும். ஒரு ஆள் போன பிறகுதான் அடுத்த ஆள். பையன்கள் வரும்போது பவித்ரா என் பக்கத்தில் நிற்க வேண்டும். பெயரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். குழாயில் நெஞ்சின் மேல் வைக்கிற வட்டை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வர வேண்டும். கன்னடத்தில் பாட்டியைக் கூப்பிடுகிற மாதிரி அஜ்ஜி என்று கூப்பிடக் கூடாது.

"அப்ப எப்படிக் கூப்பிடறது அஜ்ஜி?" என்றான் ஒரு நெட்டைப் பையன். வடக்கே ராஞ்சி பக்கம், அரைத் தமிழும் அரைக் கன்னடமும் கலந்து பேசுவான்.

"அம்மான்னு கூப்பிடு. போய் கையைச் சூடாக்கிட்டு வா. தவளையைத் தொட்ட மாதிரி இருக்குது."

வெளியே போய்க் கையைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்து, "பேர் அமித், ஊர் ராஞ்சி, கை சூடு அம்மா" என்று நின்றான். எதிர்க் கட்டில்காரி சிரித்துச் சிரித்து இருமினாள்.

அவர்கள் கேட்பதை நான் படுத்துக்கொண்டே பார்ப்பேன். கண்ணை மூடுவார்கள், நெற்றியைச் சுருக்குவார்கள். அந்தச் சத்தம் லேசில் பிடிபடாது போல. முக்கால்வாசிப் பேர் எழுந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "ஒண்ணும் கேக்கல மேடம்" என்பார்கள். டாக்டரம்மா திட்ட மாட்டார். "திரும்பக் கேள்" என்பார். நெட்டைப் பையனும் தினமும் வந்து, தினமும் ஒண்ணும் கேக்கல என்று போவான். கேட்க முடியாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். என் நெஞ்சு சரியாகப் பேசவில்லையோ என்று தோன்றும்.

ஒரு நாள் பவித்ராவிடம் கேட்டேன்: "அப்படி என்னாதான் கேக்குது? நான் கேக்கக் கூடாதா?"

அவள் குழாயின் இரண்டு முனையையும் என் காதில் மாட்டி, வட்டை என் நெஞ்சில் அழுத்திப் பிடித்தாள். முதலில் என் சேலை உரசுகிற சத்தம்தான். பிறகு கேட்டது. லப் டப் என்றுதானே சொல்வார்கள். எனக்கு அதோடு நிற்கவில்லை. டப் முடிந்து, அடுத்த லப் வருவதற்குள், அடியில் ஏதோ உருண்டது. அதை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டில் ஓடும் கிரைண்டரைச் சுவரில் காதை வைத்துக் கேட்ட மாதிரி. சொன்னேன். பவித்ரா அதை டாக்டரம்மாவிடம் சொல்ல, அவர் அன்றைக்கே பிள்ளைகளிடம், "சத்தத்தைத் தேடாதீங்க. பக்கத்து வீட்டு கிரைண்டரைத் தேடுங்க" என்றார். நெட்டைப் பையன் குனிந்து கேட்டவன், சட்டென்று கையைத் தூக்கினான். "கிரைண்டர்" என்றான். வேறு எந்தச் சொல்லும் அவனுக்கு வரவில்லை. எனக்குப் பிறந்த பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

அறுபது வருஷமாக எனக்குள்ளே ஓடுகிற ஒன்றை அன்றைக்குத்தான் கேட்டேன். இத்தனை காலம் அது யாரையும் கேட்காமல், நிறுத்தாமல், ஒட்டிப்போன கதவோடும் வேலை செய்திருக்கிறது.

பிறகு அந்தக் கட்டியைத் தேடும் சோதனை. மேலே வைத்துப் பார்க்கிற எக்கோவில் மூலை தெரியாதாம். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, விரல் தடிமனில் ஒரு குழாயை விழுங்க வைத்து, உணவுக்குழாய் வழியாக நெஞ்சின் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள். இதற்குப் பயப்படாதே என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஓங்கரித்துக்கொண்டு வரும், கண்ணில் தண்ணீர் கொட்டும். மூக்கால் மூச்சு விட்டால் தாங்கலாம். என் கையை யார் பிடித்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அந்தக் கை சூடாக இருந்தது. நான் போட்ட சட்டம் அந்த அறை வரைக்கும் வந்திருக்கிறது.

முருகேசன் வெளியே நின்றான். பலூனா, நெஞ்சைப் பிளப்பதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். டாக்டரம்மா வெளியே போய் அவனிடம் சொன்னது திரை வழியாக எனக்கும் கேட்டது.

"மூலை சுத்தமா இருக்குப்பா. நாளைக்கே பண்ணிடலாம்."

அவன் செல்விக்குப் போன் போடுவதும் கேட்டது.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்: "நாளைக்குக் கதவு திறந்துட்டா இந்தச் சத்தம் போயிடும்மா. ஜூனியர் பிள்ளைங்க இன்னும் கேக்கல. நீங்க களைச்சுப் போயிருக்கீங்க. வேண்டாம்னா வேண்டாம்." வரச் சொல்லுங்கள் என்றேன்.

வந்தார்கள். வார்டு வாசல் வரை வரிசை. எல்லோரும் வட்டை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே நின்றார்கள். பெயர், ஊர், சூடு. அந்த நேரத்தில் முருகேசன் வேலை முடிந்து வந்துவிட்டான். வரிசையைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"என்னா இது? எங்கம்மா என்னா எக்ஸிபிஷனா? நாளைக்கு ஆபரேஷன் வச்சுக்கிட்டு எல்லாரும் வந்து தொட்டுப் பாத்துட்டுப் போறீங்க?"

பிள்ளைகள் பின்வாங்கினார்கள். பவித்ரா குழாயைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டாள்.

"முருகேசா, இங்க வா" என்றேன். வந்தான். "ஓசியில படுத்திருக்கேன்னு சொன்ன இல்ல. பாத்துக்கோ. நான் ஒண்ணும் ஓசியில படுத்திருக்கல. இங்க நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் நான் குடுத்துக்கிட்டு இருக்கேன். இதுங்க நாளைக்கு எந்தெந்த ஊருக்கோ போவும். அங்க எவளோ ஒருத்தி படியைத் திட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. இதுல ஒண்ணு அவளை இடது பக்கம் திரும்பிப் படுன்னு சொல்லும்."

அவன் வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

"பவித்ரா, அவன் காதுல மாட்டு" என்றேன்.

மாட்டினாள். அவன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளவில்லை, நானும் அவனைச் சொல்லவில்லை. வட்டை என் நெஞ்சில் வைத்தான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் முகத்தில் தெரிந்தது, கேட்டுவிட்டது என்று. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். குழாயைக் கழற்றிப் பவித்ராவிடம் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க" என்றான். கடைசி ஆள் போகும் வரை திரையை அவன்தான் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் நடந்ததைச் சொன்னால் நாகரத்னா இன்னும் நம்ப மாட்டேன் என்கிறாள். அந்த அறை மார்கழி மாதிரி குளிர்ந்தது. டாக்டர்கள் ஈயம் வைத்த கனமான அங்கி போட்டிருந்தார்கள். வலது தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி. நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் பெரிய டிவி. ஒரு கம்பி கீழேயிருந்து ஊர்ந்து ஏறி என் நெஞ்சுக்குள் திரும்பியது. எனக்கு வலியில்லை, படபடவென்று மட்டும் அடித்துக்கொண்டது. கதவு இருக்கும் இடத்தில் பலூன் ஊதியபோது நடுவில் ஒடுங்கி உடுக்கை மாதிரி நின்றது. அந்த ஒடுக்கம்தான் என் கதவு. கண் சிமிட்டுவதற்குள் உடுக்கையின் இடுப்பு விரிந்தது. அவ்வளவுதான். பலூன் சுருங்கிவிட்டது.

"இப்ப மூச்சு இழுங்கம்மா" என்றார்கள். இழுத்தேன். அது போய்க்கொண்டே இருந்தது. எனக்குள் அவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

செலவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பலூனுக்கு அரசாங்கத்துக் காப்பீட்டு அட்டை கை கொடுத்தது. மாத்திரைகளை முருகேசன் வாங்குகிறான், எவ்வளவு என்று என்னிடம் சொல்வதில்லை. நான் இல்லாத நாளில் செல்வி மாவு அரைத்தாள். புரை எடுத்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாகரத்னா வீடு வீடாகக் கொடுத்தாள், பாதி வீட்டில் தூக்கை மாற்றிக் கொடுத்தாள். இப்போது இரண்டாவது மாடிக்கு நடுவில் உட்காராமல் போகிறேன். படி சாதாரண உயரம்தான். குண்டானைச் சின்னதாக மாற்றிக்கொண்டேன், டாக்டரம்மாவின் உத்தரவு. சோதனைக்கு வரச் சொல்லும்போது அதே பஸ்ஸில் போகிறேன், முன் சீட்டில்.

பலூன் வைத்த மறுநாள் காலையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கால்களை நீட்டியே படுத்திருந்ததில் இடுப்பு மரத்துப்போயிருந்தது. செல்வி தலை வாரிவிட்டாள். முருகேசன் என் டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டு நின்றான். டாக்டர்கள் சுற்றி வருவதற்கு முன்னாலேயே பவித்ரா வந்துவிட்டாள். முதல் நாள் வந்த அதே சடை. வட்டை உள்ளங்கையில் வெகுநேரம் தேய்த்தாள்.

"திரும்பிப் படுக்கலாமாம்மா? மேடத்தைக் கேட்டுட்டேன்."

இடது பக்கம் திரும்பினேன். வைத்தாள், எடுத்தாள், தள்ளி வைத்தாள். மூச்சை விட்டுவிட்டு நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் காதை எனக்குத் தெரியும். நோவே இல்லை என்று உட்கார்ந்திருந்தவளின் நெஞ்சில் தேடி எடுத்த காது. அங்கே ஏதாவது மிச்சம் இருந்தால் அது விடாது. முருகேசன் ஆற்றுவதை நிறுத்திவிட்டான். நெட்டைப் பையன் திரைக்கு வெளியே நிற்கிறான் என்பது அவன் செருப்பிலிருந்து தெரிந்தது.

அவள் காதிலிருந்து குழாயை எடுத்தாள். அந்த வார்டில் எத்தனையோ பிள்ளைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னதை, இவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒண்ணும் கேக்கலம்மா."